விளிம்பு வரை சர்பத்

இன்னும் அரை மணி நேரமாவது ஆகும், அதுவரை இந்த நாலு முகங்களையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேஜை நடுவில் ஒரு கண்ணாடி டம்ளர், அதில் நன்னாரி சர்பத், சர்பத்தில் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு பெரிய ஐஸ் கட்டி. ஐஸ் முழுக்கக் கரைந்த பிறகு டம்ளர் வழியுமா, வழியாதா? இதுதான் இன்றைய புதிர், நான் போட்ட புதிர். வழியாது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிற எவனுக்கும் தெரியும். முப்பத்தோரு வருஷம் கல்லூரியில் பிசிக்ஸ் நடத்தியவன் இதைப் புதிர் என்று போடவே கூச்சப்பட வேண்டும், ஆனால் இதற்கு மேல் எதையாவது போட்டால் இவர்களுக்குத் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். ஞாயிறு புதிர் மன்றம். பேரைப் பார். பாளையங்கோட்டையில் மூடிப்போன ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடி, ரெக்சின் உறை போட்டு மூலையில் தள்ளிவிட்ட பதினாலு மெஷின்கள், எந்த விரல் எந்த எழுத்துக்கு என்று காட்டுகிற படம் இன்னும் சுவரில், ஒரு மேஜை, ஐந்து நாற்காலிகள், ஐந்து பேர். இந்த நேரத்தில் ஊரில் மற்றவர்கள் எல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குறட்டை விட்டுத் தூங்குகிறார்கள். விவரமானவர்கள்.

தேவசகாயம் டம்ளருக்கு நேராகக் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். ரயில்வேயில் கார்டாக இருந்தவர், இங்கே செயலாளர், பச்சைக் கொடி காட்டாத குறைதான். சட்டங்கள் எல்லாம் அவர் போட்டவை. புத்தகத்தில் இருக்கிற புதிரை அப்படியே கொண்டுவரக் கூடாது, வீட்டிலோ தெருவிலோ கண்ணால் பார்க்கிற விஷயமாக இருக்க வேண்டும். புதிர் போடுகிறவர் விடையைச் சீட்டில் எழுதி மடித்து அவருடைய பழைய டிபன் டப்பாவில் போட்டுவிட வேண்டும், போட்ட பிறகு எடுக்கக் கூடாது. செய்து பார்க்க முடிகிற புதிர் என்றால் செய்தே பார்க்க வேண்டும். சற்று முன் டீஸ்பூனால் சொட்டுச் சொட்டாக சர்பத்தை விட்டு, விளிம்புக்கு மேலே மயிரிழை உப்பி நிற்கிற வரை நிரப்பியவரும் அவர்தான், கை நடுங்காமல், குழந்தைக்கு மருந்து கொடுக்கிற பக்குவத்தோடு. பக்கத்தில் பொன்னுச்சாமி. இந்த மாடியின் சொந்தக்காரர். நான் எதைச் சொன்னாலும் "அதான சார்வாள், நானும் அதத்தான் நெனச்சேன்" என்பார். சூரியன் சதுரம் என்று நான் சொன்னால் நாலு மூலையையும் பார்த்ததாகச் சொல்லுவார். அந்தப் பக்கம் மீரான் பாய், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், லென்ஸ் விற்பதால் ஒளியைப் பற்றித் தனக்குத் தனியாக ஏதோ தெரியும் என்று நினைப்பு. எல்லாவற்றுக்கும் "ஆனா" போடுவார், போட்ட ஆனாவை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. ஆறு வருஷமாக இந்த மூன்று பேரோடு உட்கார்ந்திருக்கிறேன். ஏன் வருகிறேன் என்று கேட்டால், வேறு எங்கே போனாலும் என்னை விடக் கெட்டிக்காரன் ஒருத்தன் இருந்து தொலைக்கிறான். நான்காவது முகம் என் மனைவி. அதுதான் இப்போது பிரச்சினை.

ஆவுடை இங்கே வந்தது தற்செயல். மூன்று வாரத்துக்கு முன் நான் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க மாடி ஏறி வந்தாள், தேவசகாயம் "உக்காருங்க மதினி" என்றார், அவளும் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் சும்மா இருந்திருக்கலாம். அன்றைக்குப் புதிர், பூட்டிய அறையில் பிரிட்ஜைத் திறந்து வைத்து ஓடவிட்டால் அறை குளிருமா என்பது. பொன்னுச்சாமி குளிரும் என்றார், மீரான் பாய் குளிரும் ஆனா கொஞ்ச நேரந்தான் என்றார். இவள் வாசற்படிப் பக்கம் இருந்து, "பிரிட்ஜுக்குப் பின்னால கை வச்சா சுடுதுலா? அந்தச் சூடும் அறைக்குள்ளதான கெடக்கும்? எப்படிக் குளிரும்?" என்றாள். அவ்வளவுதான், மூன்று பேரும் கை தட்டினார்கள். நான் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைச் சொல்வதற்காக வாயைத் திறந்து வைத்திருந்தேன். திறந்த வாயை எப்படி மூடினேன் என்று எனக்கு நினைவில்லை. அடுத்த வாரம் அவளாகவே புடவை மாற்றிக்கொண்டு கிளம்பி நின்றாள். திருச்செந்தூருக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போய், அறுபதில் திரும்பி வந்தால் சராசரி வேகம் என்ன என்று கேட்டேன். ஐம்பது என்றாள். நாற்பத்தெட்டு. அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு ருசித்தது. ஒரு ஐம்பதை வைத்துக்கொண்டு ஏழு நாள் சந்தோஷமாக இருந்தவன் என்று என்னை யாரும் வெளியில் சொல்லிவிடக் கூடாது. போன வாரம் வருவதை நிறுத்திவிடுவாள் என்று பார்த்தேன், வந்தாள், எதுவும் சொல்லவில்லை, மற்றவர்கள் அடித்துக்கொள்வதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் இன்று வருகிற வழியில், மார்க்கெட் முக்கில், சொல்லிவிட்டேன். "இங்க பாரு ஆவுடை, இன்னைக்கு நீ சொல்லுதது தப்பாப் போச்சுன்னா இதோட நிறுத்திக்கிடணும். பெறவு வரப்பிடாது." அவள் சர்பத் பாட்டிலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, "சரி" என்றாள். கொஞ்ச தூரம் போய், "சரியாப் போச்சுன்னா?" என்றாள். ஆயுசு பூராவும் வந்துகொண்டிரு என்று சொல்லிச் சிரித்தேன். தாராளமாகச் சொன்னேன், ஏனென்றால் விடை என் சட்டைப் பையில் இருந்தது.

ஆளுக்கொரு விடை சொன்ன போது எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. தேவசகாயம் வழியாது என்றார், ஐஸ் மிதக்கிறது, மிதக்கிறது தன் எடைக்குச் சமமாகத்தான் இடம் பிடிக்கும் என்றார், பரவாயில்லை, ஆறு வருஷத்தில் அவ்வளவாவது ஏறியிருக்கிறது. மீரான் பாய் வழியாது, ஆனா ஓரத்துக்கு வந்து நிக்கும் என்றார். பொன்னுச்சாமி என் முகத்தைப் பார்த்து வழியாது என்றார். பிறகு இவள். "வழியும்" என்றாள். காரணம் சொல்லணும் மதினி என்று தேவசகாயம் பென்சிலைத் தூக்கினார். அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. "இவுஹளுக்கு சர்பத்துல ஐஸப் போட்டு மேஜைல கொண்டு வச்சிட்டு வருவேன். இவுஹ பேப்பரத் திருத்திக்கிட்டு கவனிக்காம விட்டிருவாவ. பெறவு போய்ப் பாத்தா தட்டுல வழிஞ்சு பிசுபிசுன்னு கெடக்கும். தண்ணில ஐஸ் போட்டு வச்சா வழியாது. சர்பத்துன்னா வழியும். தொடச்சவ நான்லா." எல்லாரும் சிரித்தார்கள், நான்தான் முதலில் சிரித்தேன், "தட்டுத் தொடச்ச பிசிக்ஸ்" என்றேன், பொன்னுச்சாமி அதைக் கேட்டு நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார். அவள் கோபப்படவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு டம்ளரைப் பார்க்க ஆரம்பித்தாள், இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எப்போதும் இப்படித்தான், பார்த்ததைச் சொல்லுவாள், ஏன் என்று தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரம் ஆறிய பிறகு ஏன் திறக்க வரமாட்டேன் என்கிறது என்று. நான் காற்று, அழுத்தம் என்று தொடங்கி, அவள் கையில் மாவு ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, உனக்குச் சொன்னால் புரியாது என்றேன். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்டதில்லை. புரியாது என்பதற்கு அதுவே அத்தாட்சி என்று நான் எடுத்துக்கொண்டேன். வசதியான அத்தாட்சி.

ஐஸ் பாதியாகிவிட்டது. டம்ளருக்கு வெளியே கண்ணாடி வேர்த்து முத்து முத்தாக நிற்கிறது, ஒன்றிரண்டு உருண்டு கீழே போகின்றன. மாடியில் காற்று இல்லை, மின்விசிறியை தேவசகாயம் நிறுத்தி வைத்திருக்கிறார், பரிசோதனைக்குக் காற்று ஆகாதாம். என் முதுகும் வேர்க்கிறது. பொன்னுச்சாமி எதற்கோ கொட்டாவி விடுகிறார், கொட்டாவியையும் என்னைக் கேட்டுவிட்டு விட்டால் தேவலை. நான் மனதுக்குள் விளக்கத்தைத் தயார் செய்துகொள்கிறேன், சீட்டைப் பிரித்ததும் ஐந்து நிமிஷம் பேச வேண்டும், ஆவுடைக்குப் புரிகிற மாதிரி, அல்லது புரியாத மாதிரி. மிதக்கிற பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை இடம்பெயர்க்கிறது. ஐஸ் கரைந்தால் அதே எடையுள்ள நீராகிறது. அந்த நீர், இடம்பெயர்ந்த நீர் இருந்த இடத்தில் சரியாக அடங்கிவிடுகிறது. ஆகவே மட்டம் மாறாது. எத்தனை வகுப்புகளில் சொன்ன வாக்கியம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். டம்ளரில் மேல்பாதி வெளுத்திருக்கிறது. ஐஸிலிருந்து இறங்குகிற தண்ணீர் கீழே போகாமல் மேலேயே நிறமில்லாமல் நிற்கிறது, கீழே சர்பத் செம்பழுப்பாக அப்படியே இருக்கிறது, நடுவில் கோடு போட்ட மாதிரி. அழகாகத்தான் இருக்கிறது. தண்ணீர் மேலே, சர்பத் கீழே, ஏனென்றால் சர்பத் கனம். இவள் எப்போதும் பாகைக் கெட்டியாகக் காய்ச்சுவாள், சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். சர்பத் கனம். இடம்பெயர்ந்த நீர். நீர் எங்கே இருக்கிறது இதில்? இடம்பெயர்ந்தது நீர் இல்லையே. சர்பத் அல்லவா. சர்பத் கனம் என்றால் ஐஸின் எடையைத் தாங்கக் கொஞ்சம் சர்பத்தே போதும், ஐஸ் உள்ளே பிடித்திருக்கிற இடம் குறைவு, கரைந்து வருகிற தண்ணீருக்கு அந்த இடம் போதாது. போதாதது எங்கே போகும். இல்லை. இரு. மறுபடியும் முதலில் இருந்து. மிதக்கிற பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள. எத்தனை தடவை சுற்றினாலும் அதே இடத்தில் வந்து முட்டுகிறது. வழியும்.

புத்தகத்தில் தண்ணீர் என்றுதான் இருந்தது. புத்தகப் புதிர் கூடாது என்று இந்தக் கார்டு போட்ட சட்டத்துக்காக நான் தண்ணீரைக் கொட்டிவிட்டு சர்பத்தை ஊற்றினேன், வேஷம் மாற்றினால் போதும் என்று, விடையை மட்டும் பழையபடியே எழுதி டப்பாவில் போட்டுவிட்டேன். முட்டாள்தனத்திலும் இது ஒரு தனி ரகம், படித்தவனுக்கு மட்டும் வாய்ப்பது. ஒரு கடைக்காரனுக்கோ, ஒரு சமையல்காரனுக்கோ இந்தத் தப்பு வராது, அவன் சர்பத்தை சர்பத்தாகப் பார்ப்பான். அவள் சொன்னாளே, தண்ணீர் என்றால் வழியாது, சர்பத் என்றால் வழியும் என்று, இரண்டையும் பிரித்துச் சொன்னாளே, அதைக் கேட்டுக்கொண்டுதானே சிரித்தேன். இப்போது சொல்லிவிடலாம். தேவசகாயம், சீட்டில் இருப்பது தப்பு, இவள் சொன்னது சரி. பத்து வார்த்தை கூட இல்லை. இவர்கள் முன்னால் தோற்பது ஒன்றும் பெரிதில்லை, இவர்களை யார் மதிக்கிறார்கள், ஆனால் இவள் முன்னால், இரண்டாவது தடவை, அதுவும் ஆயுசு பூராவும் வந்துகொண்டிரு என்று வாய் கொழுத்துச் சொன்ன பிறகு. அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். வீட்டில் நான் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்கிறவள், இங்கே என்னை எதிர்த்துக் கேட்டுப் பழகிவிட்டு அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவருவாள். முழங்காலால் மேஜையை ஒரு தட்டு தட்டினால் இப்போதே சிந்திவிடும், பரிசோதனை கெட்டுப்போச்சு, வீட்டுக்குப் போகலாம். முழங்கால் மேஜைக் காலுக்கு நாலு விரல் தூரத்தில் இருக்கிறது. ஆனால் அப்புறம் வேறு டம்ளரில் நிரப்புவார் இந்தக் கார்டு, பாட்டிலில் இன்னும் சர்பத் இருக்கிறது. ஒரு முத்து உருண்டு மேஜையில் விழுகிறது. வெளியே வேர்த்த முத்து. என் தொண்டையைச் செருமிக்கொள்கிறேன், வகுப்பறைக் குரல் தானாக வருகிறது. "ஒண்ணு கவனிக்கணும். டம்ளருக்கு வெளிய நிக்கது காத்துல இருக்க ஈரம் குளுந்து தண்ணியானது. அது மேஜைல எறங்கும். அத வழிஞ்சதுன்னு எடுத்துக்கிடப்பிடாது." "அதான சார்வாள்," என்கிறார் பொன்னுச்சாமி. தேவசகாயம் நோட்டில் அதைக் குறித்துக்கொள்கிறார். மீரான் பாய் கூட ஆனா போடவில்லை. ஆவுடை டம்ளரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்க்கிறாள். நான் சுவரில் இருக்கிற விரல் படத்தைப் பார்க்கிறேன், இடது சுண்டு விரலுக்கு நீலம்.

ஐஸ் இப்போது ஒரு புளியங்கொட்டை அளவு. விளிம்பில் உப்பல் நடுங்குகிறது, நடுங்கி, ஒரு பக்கமாக உடைந்து, சத்தமே இல்லாமல் இறங்குகிறது. மேலே நின்றது வெறும் தண்ணீர் மாதிரி வெளுத்துவிட்டதால் நிறம் காட்டிக்கொடுக்கவில்லை, டம்ளரின் வேர்வையோடு வேர்வையாக ஓடி மேஜையில் உள்ளங்கை அகலத்துக்கு நிற்கிறது. தேவசகாயம் "வழிஞ்சிட்டோ?" என்று எழுந்துவிட்டார். "வேர்த்ததுலா அது, சார்வாள் மொதல்லயே சொல்லிட்டாவ" என்கிறார் பொன்னுச்சாமி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னாலும் போட்டுவிடுவார். மீரான் பாய் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு குனிகிறார். "ஆனா இவ்வளவு தண்ணியா வேர்க்கும்? லேசாக் கலர் இருக்க மாதிரி தெரியுதே." "பாய், மேஜையே பழுப்பு" என்கிறேன். சொன்ன பிறகுதான் தோன்றுகிறது, இதைத் தீர்க்க விதி வேண்டாம், ஒரு விரல் போதும். தொட்டு நாக்கில் வைத்தால் முடிந்தது. காற்றின் ஈரம் இனிக்காது. கடவுளே, இவர்களில் ஒருத்தருக்கும் அது தோன்றக் கூடாது. பொன்னுச்சாமிக்குத் தோன்றாது, தேவசகாயத்துக்குச் சட்டத்தில் இல்லாதது எதுவும் தோன்றாது, மீரான் பாய் ஒரு ஆனாவோடு களைத்துவிடுவார். முட்டாள்கள், நல்ல முட்டாள்கள், ஆறு வருஷத்தில் முதல் தடவையாக இவர்களுடைய முட்டாள்தனத்தின் மேல் எனக்கு அன்பு வருகிறது. ஆவுடை கையை நீட்டுகிறாள். மோதிர விரலை மேஜையில் இருந்த ஈரத்தில் ஒற்றி, எல்லாரும் பார்க்க, நாக்கில் வைத்துக்கொள்கிறாள். அவள் ரசம் ருசி பார்க்கிற மாதிரி கொஞ்சம் யோசிக்கிறாள். "வேர்த்த தண்ணிதான்" என்கிறாள். "சப்புன்னு இருக்கு. நான் சொன்னதுதான் தப்பு." சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் இருப்பவன் எழுந்து தத்துப்பித்தென்று உளறும் போது, உட்கார் என்று கூடச் சொல்லாமல் நான் பார்ப்பது அது. என் முகத்தில் அது எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் இருந்தது.

தோற்கிறவளே சொன்ன பிறகு தேவசகாயம் டப்பாவைத் திறந்து சீட்டைப் பிரித்து "வழியாது" என்று என் கையெழுத்தை உரக்கப் படித்தார், மூன்று பேரும் தட்டினார்கள், பொன்னுச்சாமி கொஞ்சம் கூடுதலாக. நான் ஐந்து நிமிஷம் பேசினேன். மிதக்கிற பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை என்று பேசினேன். அவள் மேஜையைத் துடைத்தாள். துண்டை இரண்டு தடவை நனைத்துப் பிழிந்து துடைத்தாள், ஏனென்றால் ஒரு தடவையில் பிசுக்குப் போகாது. படியிறங்கும் போது அவள் எனக்கு முன்னால், காலிப் பாட்டில் அவள் பையில். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்க வேண்டும். கேட்டால் எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். தெரியாமலா இருக்கிறது. கடைசிப் படியில் நின்று, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பெருந்தன்மையாக இருக்கட்டும் என்று ஒரு குரலை வரவழைத்துக்கொண்டேன். "ஆவுடை, நான் சொன்னத மனசுல வச்சுக்கிடாத. அடுத்த ஞாயித்துக்கெழமையும் வா." அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எதுக்கு? நீங்க பயந்துபோய் உக்காந்திருக்கதப் பாக்கவா?"

மார்க்கெட் வழியாக வேண்டாம், வெயில் அடிக்கிறது என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத் தெருவில் திரும்பி அவள் நடந்தாள், நான் பின்னால் போனேன்.